பனிக்காலத்தில் மணாலிக்கு காரில் போறீங்களா? டயர், ரூட், இன்ஷூரன்ஸ்: மூணு கணக்கையும் போட்டுட்டுக் கிளம்புங்க



டிசம்பர் வந்துட்டாலே நம்ம சேனல் கமெண்ட்ல ஒரே மாதிரி கேள்விகள் வர ஆரம்பிச்சிடும். "நொய்டாவில வேலை பார்க்கிறேன், வருஷக் கடைசி லீவுல மணாலி போறோம், என் கார்லயே போகலாமா?" "சண்டிகர்ல செல்ஃப் டிரைவ் கார் எடுத்தா மிச்சமாகுமா?" "வின்டர் டயர் போடணும்னு நண்பன் சொல்றான், 50,000 ரூபாய் செலவு பண்ணலாமா?"

கார் சேனல்ல கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்கிறாங்களேன்னு தோணலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க. டயர் ஒரு சொத்து, அதுக்குத் தேய்மானம் இருக்கு. ரூட் தேர்வு ஒரு ரிஸ்க் முடிவு. இன்ஷூரன்ஸ் ஒரு ஒப்பந்தம், அதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் கிடைக்கும். மூணுமே நம்ம ஏரியாதான். வீடியோவில வேகமா சொல்லிட்டுப் போன கணக்குகளை இங்கே விரிவா எழுதுறேன். இதுல வர்ற விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட மாதிரி எண்கள். உங்க கார், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. வழிமுறை அதேதான்.

1. டயரில் முதலில் என்ன பார்க்கணும்?

நம்ம ஊர் கார்களோட வர்ற டயர்கள் பெரும்பாலும் வெயிலுக்கான ரப்பர். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனா அந்த ரப்பர் இறுகிடும், ரோட்டைப் பிடிக்கும் தன்மை குறையும். பனி விழணும்னுகூட இல்லை. மணாலியில ஜனவரி காலையில வெறும் தார் ரோட்டிலேயே இந்த வித்தியாசம் தெரியும்.

டயர் பக்கவாட்டில இருக்கிற ரெண்டு குறியைத் தெரிஞ்சுக்கோங்க. "எம்+எஸ்" என்பது மண், பனி ரெண்டுக்கும் ஏத்த பட்டன் அமைப்பு இருக்குன்னு கம்பெனி தானே போட்டுக்கிற குறி. மூணு சிகரம் உள்ள மலைக்குள்ள ஒரு பனித்துகள் படம் இருந்தா, அந்த டயர் பனியில சோதனை செஞ்சு தேறினது. "ஆல் சீசன்"னு கடைக்காரர் சொன்னா இந்த மலைக்குறி இருக்கான்னு கேளுங்க. நம்ம நாட்டில விக்கிற பெரும்பாலான டயர்ல இருக்காது.

அடுத்தது பட்டன் ஆழம். புது கார் டயர்ல 7–8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆனா அது குறைந்தபட்ச எல்லை, பனிக்கு அது போதாது. ஆஸ்திரியாவில வின்டர் டயரே 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேஞ்சிருந்தா அதை வின்டர் டயர்னு ஒத்துக்க மாட்டாங்க. பட்டன் இடுக்குல பனி புகுந்து பிடிக்கணும், உருகின தண்ணி வெளியேறணும். ரெண்டுக்கும் ஆழம் வேணும். மலைக்குப் போறதுக்கு நீங்களும் 4 மில்லிமீட்டரையே எல்லையா வெச்சுக்கோங்க. டயர் கடையில ஆழம் அளக்கிற கருவி இருக்கும், நாலு டயரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்க.

டயர் வயசையும் பாருங்க. பக்கவாட்டில "டாட்" எண்ணோட கடைசி நாலு இலக்கம்தான் அது. 2421ன்னு இருந்தா 2021-ஆம் வருஷம் 24-ஆவது வாரம் தயாரிச்சது. பட்டன் நல்லா இருந்தும் ஆறேழு வருஷம் ஆன டயர்னா ரப்பர் காய்ஞ்சிருக்கும். ஸ்டெப்னியையும் விட்டுடாதீங்க.

2. "டயர் இன்னும் ஓடுமே, இப்பவே மாத்தினா 28,000 ரூபாய் வேஸ்ட்தானே?"

அடிக்கடி வர்ற கேள்வி இது. இங்கேதான் நம்ம கணக்கு உதவும்.

ஒரு டயர் 7,000 ரூபாய், நாலுக்கு 28,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். புதுசுல 8 மில்லிமீட்டர், சட்ட எல்லை 1.6. ஆக, நீங்க பயன்படுத்தக்கூடிய ரப்பர் 6.4 மில்லிமீட்டர். இப்போ உங்க டயர்ல 3 மில்லிமீட்டர் இருக்கு. அப்படின்னா மிச்சம் இருக்கிறது 1.4 மில்லிமீட்டர்தான்.

1.4 ÷ 6.4 = சுமார் 22 சதவீதம். 28,000 ரூபாயில் 22 சதவீதம்னா ஏறக்குறைய 6,100 ரூபாய்.

ஆக, ட்ரிப்புக்காக இப்பவே டயர் மாத்தினா நீங்க இழக்கிறது 6,100 ரூபாய்தான். மிச்ச 21,900 ரூபாய் ஏற்கெனவே ஓட்டித் தீர்த்தது. புது டயருக்குக் கொடுக்கிற 28,000 எப்படியும் ஆறேழு மாசத்தில வரப்போற செலவு, கொஞ்சம் முன்னாடி வருது, அவ்வளவுதான். நாலு பேர் போற ட்ரிப்னா ஆளுக்கு 1,500 ரூபாய் சொச்சம். அதுக்காக மூணு மில்லிமீட்டர் டயரோட மலை ஏறாதீங்க.

3. அப்போ வின்டர் டயரே வாங்கிடலாமா?

நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். ஏன்னு பாருங்க. செட் 48,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். வின்டர் டயர் ரப்பர் மென்மையானது. டெல்லியோ சென்னையோ, 40 டிகிரி வெயில்ல ஓட்டினா வேகமா தேயும், வெயில்ல பிரேக்கும் சரியா பிடிக்காது. அதனால ட்ரிப் முடிஞ்சதும் கழட்டிடணும். மாட்டி, கழட்டி, பேலன்ஸிங் பண்ண ட்ரிப்புக்கு 4,000. ரப்பருக்கு வயசாகும்கிறதால அஞ்சு குளிர்காலம் பயன்படுத்துவீங்கன்னு வெச்சா, வருஷம் ஒரு ட்ரிப்புக்கு 9,600 + 4,000 = 13,600 ரூபாய். நாலு டயரை ஃபிளாட் பால்கனியில அடுக்கி வைக்கிறது தனி.

இன்னொரு வழி: உங்க கார்ல மணாலி வரைக்கும் போங்க. பனி இருக்கிற மேல்பகுதிக்கு மட்டும் உள்ளூர் டிரைவரோட ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுங்க. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்னா ரெண்டு நாளைக்கு 10,000. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 2,500. பனி விழலைன்னா இந்தச் செலவே இல்லை. அதோட, தினமும் அந்த ரோட்டில போய் வர்ற ஒருத்தரோட கை உங்களுக்குக் கிடைக்குது. இமயமலைப் பக்கத்திலேயே வேலை, மாசம் ரெண்டு தடவை மேலே போவேன்கிறவங்களுக்கு மட்டும்தான் வின்டர் டயர் கணக்கு ஒத்துவரும்.

பனிச் சங்கிலி வாங்கலாமான்னும் கேட்பீங்க. வெச்சிருங்க, நல்லது. ஆனா மூணு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். எந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் சக்தி போகுதோ அதுலதான் மாட்டணும். சின்ன கார்கள் பெரும்பாலும் முன் சக்கரம், இன்னோவா கிரிஸ்டா மாதிரி வண்டிகள் பின் சக்கரம். சங்கிலி போட்டா வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பனி தீர்ந்து தார் ரோடு வந்ததும் கழட்டிடணும். வீட்டு பார்க்கிங்ல ஒரு தடவை மாட்டிப் பழகிட்டுப் போங்க. மைனஸ் அஞ்சு டிகிரியில, இருட்டுல, முதல் தடவையா மாட்ட முடியாது.

4. ஃபோர் வீல் டிரைவ் இருந்தா பயமில்லையா?

நாலு சக்கரமும் இழுத்தா வண்டி கிளம்பும், ஏறும். நிக்கிறதுக்கு அது உதவாது. பிரேக் எல்லா காருக்கும் நாலு சக்கரத்திலதான் இருக்கு. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில பிரேக் அடிச்சா, காய்ஞ்ச தார் ரோட்டில சுமார் 5 மீட்டர்ல வண்டி நிக்கும். அழுத்தமான பனியில 17–18 மீட்டர். ஐஸ் படிஞ்ச ரோட்டில 35 மீட்டர். இது சமதளத்துக்கான கணக்கு, இறக்கத்துல இன்னும் கூடும். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி 35 மீட்டர் உங்களுக்குக் கிடைக்குமா?

அதனால இறங்கும்போது முதல் கியர் அல்லது ரெண்டாவது கியர், இன்ஜின் பிடியிலேயே இறங்குங்க. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்க. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாம, கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுங்க. ஹேண்ட் பிரேக் உறைஞ்சு போய் காலையில விடாது.

டயர் பிரஷரைப் பொறுத்தவரை, குளிர்ல காத்து சுருங்கி பிரஷர் குறையும். உயரம் ஏறும்போது வெளிக்காத்து அழுத்தம் குறையறதால மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டும். ஒண்ணை ஒண்ணு ஓரளவு சரிக்கட்டிடும். மேலே போனதும் காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பார்த்து, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்குக் கொண்டு வாங்க. "காத்தை இறக்கிட்டா நல்லா பிடிக்கும்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க.

5. ரூட்: மேப் காட்டுற கி.மீ. மட்டும் பார்க்காதீங்க

*மணாலி:* கீரத்பூர், பிலாஸ்பூர், மண்டி, குல்லு வழியா போற நெடுஞ்சாலைதான் பிரதான வழி. பாதிக்கு மேல நாலுவழிச் சாலை, சுரங்கப்பாதைகள். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். இதுவரைக்கும் பெரும்பாலான நாட்கள்ல சாதாரண காரே போதும். சிக்கல் அதுக்கு மேலேதான்.

அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறந்தாங்க. 9.02 கி.மீ. நீளம், 3,000 மீட்டருக்கு மேல உயரம். சுரங்கத்துக்குள்ள ரோடு நல்லாத்தான் இருக்கும். ஆனா சோலாங்ல இருந்து சுரங்க வாசல் வரைக்கும் ஏத்தம், அந்தப் பக்கம் லாஹௌல் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. மதியம் வெயில்ல பனி உருகி ரோடு ஈரமா தெரியும். "ரோடு நல்லாத்தானே இருக்கு"ன்னு எல்லாரும் சிஸ்ஸு வரைக்கும் போய் போட்டோ எடுத்துட்டு நாலரை, அஞ்சு மணிக்குத் திரும்புவாங்க. அதுக்குள்ள நிழல் விழுந்து, உருகின தண்ணி கண்ணுக்குத் தெரியாத ஐஸா மாறியிருக்கும். 2024 டிசம்பர் கடைசியில பனி கொட்டினப்போ சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவுல நூத்துக்கணக்கான வண்டிகள் மணிக்கணக்கா மாட்டிக்கிட்டு, போலீஸ் போய் ஆட்களை மீட்க வேண்டி வந்தது. போனா காலையில போங்க, மதியம் மூணு மணிக்குள்ள சோலாங்குக்குக் கீழே வந்துடுங்க. பனி நாள்ல போலீஸ் நிறுத்தி ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டும் விடுவாங்க. அங்கே கெஞ்சாதீங்க.

*சிம்லாவிலிருந்து மணாலி:* ஜலோரி கணவாய் வழி மேப்ல நல்லாத்தான் தெரியும். அது 3,100 மீட்டருக்கு மேல, குறுகலான, ரொம்பச் செங்குத்தான ரோடு. பனி விழுந்தா மூடிடுவாங்க. குளிர்காலத்துல பிலாஸ்பூர், மண்டி வழியே வாங்க. சில மணி நேரம் கூடலாம், ஆனா போய்ச் சேருவீங்க.

*காஷ்மீர்:* ஜம்மு–ஸ்ரீநகர் தேசிய நெடுஞ்சாலை 44-ல ரெண்டு பெரிய சுரங்கங்கள் வந்துடுச்சு. ஆனா ராம்பன்–பனிஹால் பகுதியில மழை, பனி நாட்கள்ல மலைச்சரிவும் கல் உருளுறதும் இன்னும் இருக்கு. டிராஃபிக் போலீஸ் தினமும் அறிவிப்பு போடுவாங்க, அதைப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும். 2025 ஜூன் 6-ல கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் தொடங்கிட்டாங்க. கட்ரா வரை வந்து ரயில்ல போய், அங்கே உள்ளூர் வண்டி எடுக்கிறதையும் கணக்குல சேருங்க. குல்மார்க் ஏற தங்மார்க்ல இருந்து சங்கிலி போட்ட உள்ளூர் வண்டிகள் இருக்கு.

6. இன்ஷூரன்ஸ்: பாலிசியை இன்னைக்கே எடுத்துப் படிங்க

முதல்ல நல்ல செய்தி. ஓன் டேமேஜ் உள்ள வழக்கமான பாலிசியில மலைச்சரிவு, பாறைச்சரிவு, உறைபனி, விபத்து எல்லாம் கவர் ஆகும். இப்போ கவர் ஆகாதது:

டயர் மட்டும் கிழிஞ்சா பணம் கிடையாது. அதே சம்பவத்துல காரும் சேதமானா, டயர் விலையில 50 சதவீதம் வரைதான். குளிர்ல பேட்டரி செத்துப் போறது, கிளட்ச் எரியறது எல்லாம் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன், கவர் இல்லை. பனிச் சரிவுல வண்டியை ஏத்துறேன்னு கிளட்சைத் தீய்ச்சா அது உங்க பாக்கெட்தான். ரோடுசைட் அசிஸ்டென்ஸ் ஆட்-ஆன் இருந்தா, மலைப்பகுதியில எத்தனை கி.மீ. வரைக்கும் இழுத்து வருவாங்கன்னு போன் பண்ணிக் கேட்டுடுங்க.

ரொம்ப முக்கியமான ஒண்ணு. பழைய கார்தானேன்னு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் போட்டு வெச்சிருக்கீங்களா? அந்தப் பாலிசியில, உங்க கார்ல சும்மா கூட வர்ற நண்பர்களுக்கு அடிபட்டா கம்பெனி பொறுப்பேற்காது. உச்ச நீதிமன்றம் வரை போய் முடிவான விஷயம் இது. நஷ்டஈடு உங்க தலையில விழும். இருபத்தாறு வயசுல, ஹோம் லோனுக்கு முன்னாடியே, அப்படி ஒரு கடன் வந்தா நம்ம போடற எந்த எஸ்ஐபியும் காப்பாத்தாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுங்க, பயணிகளுக்கான பர்சனல் ஆக்சிடென்ட் ஆட்-ஆனும் சேருங்க. ஓட்டுற உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் கவர் இருக்கான்னும் பாருங்க.

இன்னொரு கணக்கு: சின்ன இடிக்கு கிளெய்ம் போடலாமா? பனியில வழுக்கி பம்பர் உடைஞ்சது, செலவு 14,000 ரூபாய். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க, கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வர்றது 6,000. ஆனா உங்களுக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருந்தா, அது பூஜ்யமாகி, 20, 25, 35, 45ன்னு திரும்ப ஏறணும். அஞ்சு வருஷத்துல நீங்க இழக்கிற தள்ளுபடி 50 + 30 + 25 + 15 + 5 = 125 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் மாறாம 12,000 ரூபாய்னு வெச்சா, 15,000 ரூபாய். ஆறாயிரத்துக்காக பதினஞ்சாயிரம். ஜீரோ டெப் இருந்து 13,000 வந்தாலும் நஷ்டம்தான். நோ கிளெய்ம் போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தா மட்டும் கணக்கு மாறும்.

7. "தெரிஞ்சவர் கார் இருக்கு, ஒரு நாளைக்கு 2,000 கொடுத்தா போதும்"

இதை மட்டும் செய்யாதீங்க. பிரைவேட் கார் பாலிசியில வாடகைக்கு விடக் கூடாதுங்கிற நிபந்தனை இருக்கு. நண்பர் காரை சும்மா வாங்கி ஓட்டினா பிரச்னை இல்லை. ஒயிட் போர்டு காரைக் காசு கொடுத்து எடுத்து விபத்தானா, கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். எதிர்ல வந்தவருக்குக் கொடுத்த நஷ்டஈட்டைக்கூட பிறகு கார்க்காரர்கிட்ட வசூலிக்கலாம். அவர் உங்களைத்தான் தேடி வருவார்.

அனுமதி பெற்ற செல்ஃப் டிரைவ் காரோட நம்பர் பிளேட் கறுப்புல மஞ்சள் எழுத்தா இருக்கும். எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. மலைப்பகுதிக்கும் பனிக்கும் அனுமதி உண்டா? விபத்துல என் பொறுப்பு அதிகபட்சம் எவ்வளவு? டயர், கிளட்ச் செலவு யாருது? வண்டி மாட்டிக்கிட்டா கூடுதல் நாள் வாடகை உண்டா? பதிலை மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ எழுத்துல வாங்குங்க. டயரை அங்கேயே அளந்து, போட்டோ எடுத்துட்டுக் கிளம்புங்க.

8. ஒரு நாள் உபரி வைங்க

மலையில தப்பான முடிவெடுக்க வைக்கிறது பெரும்பாலும் லீவுதான். திங்கட்கிழமை காலை ஆபீஸ்ல இருக்கணும்கிறதுக்காக ஞாயித்துக்கிழமை ராத்திரி பனியில இறங்குவாங்க. ஒரு நாள் தங்கினா என்ன செலவு? மாசம் 60,000 சம்பளம்னா, சம்பளப் பிடித்தமே ஆனாலும் ஒரு நாளைக்கு 2,000. ரூம்ல உங்க பங்கு 1,500. சாப்பாடு 800. மொத்தம் 4,300 ரூபாய். இதை எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுக்காம, ட்ரிப் பட்ஜெட்லயே தனி வரியா எழுதுங்க. பயன்படலைன்னா திரும்பி வந்து ஃபண்டுல போட்டுக்கலாம். திரும்பும் டிக்கெட், ரூம் எல்லாம் தேதி மாத்தக்கூடியதா எடுங்க, நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. கிளம்பும்போதே மேனேஜர்கிட்ட "பனி விழுந்தா செவ்வாய்க்கிழமைதான் வருவேன்"னு சொல்லிடுங்க.

கிளம்பும் முன்னாடி ஒரு தடவை சரிபார்க்க:

- நாலு டயரும் ஸ்டெப்னியும்: ஆழம் 4 மில்லிமீட்டருக்கு மேல், வயசு ஆறு வருஷத்துக்குள்
- பேட்டரி, கூலன்ட், வைப்பர், ஹீட்டர்
- சங்கிலி, கையுறை, டார்ச், இழுக்கும் கயிறு, போர்வை, தண்ணி, ரொட்டி
- மேலே ஏறும் முன் எரிபொருள் பாதி டாங்குக்கு மேல்
- பாலிசி நகல், கிளெய்ம் நம்பர் போன்லயும் பேப்பர்லயும் (மேலே சிக்னல் இருக்காது)
- வானிலை எச்சரிக்கை, மாவட்ட போலீஸ் அறிவிப்பு: முந்தின ராத்திரியும் அன்னைக்குக் காலையும்
- உபரி நாளுக்கான பணம்

மேல சொன்ன எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. டயரை முன்கூட்டி மாத்தினதுல 1,500, உள்ளூர் வண்டிக்கு 2,500, உபரி நாளுக்கு 4,300. ஆளுக்கு ஏறக்குறைய 8,300 ரூபாய். இந்தத் தொகை இப்போ கையில இல்லைன்னா ட்ரிப்பை ரத்து பண்ண வேண்டாம், மார்ச்சுக்குத் தள்ளிப் போடுங்க. அப்பவும் சோலாங் பக்கம் பனி இருக்கும், கூட்டமும் ரூம் வாடகையும் வருஷக் கடைசி அளவுக்கு இருக்காது.

இந்தப் பதிவை ட்ரிப் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, முக்கியமா வண்டி ஓட்டப் போறவருக்கு. உங்க டயர் அளவு, பாலிசி விவரத்தை வெச்சு கணக்குல சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் போடறேன். பத்திரமா போயிட்டு வாங்க. அடுத்த பதிவுல பார்க்கலாம்.